கழுவிய பிரேக் 70 வளைவு இறங்க வேண்டும்

கொல்லிமலையில் வாட்டர் சர்வீஸ் ஷெட் வைத்திருப்பவனுக்குக் கவலை ஒன்று கூடுதல். சமவெளியில் கழுவி அனுப்பும் வண்டி பக்கத்துத் தெருவில் போய் நிற்கும். மலைமேல் ஆலத்தூர் நாடு என்ற பகுதியில் இருக்கும் என் ஷெட்டை விட்டுக் கிளம்பும் வெளியூர் வண்டி, பெரும்பாலும் 70 கொண்டை ஊசி வளைவையும் இறங்கித்தான் அடிவாரத்துக் காரவள்ளி போய்ச் சேரும். அதனால் பிரேக் பக்கம் எதைத் தெளிப்பது என்பதில் நான் கொஞ்சம் கறார்.

வார நாட்களில் என்னிடம் வருவது ஜீப்பும் பைக்கும் அன்னாசி, மிளகு ஏற்றுகிற பிக்கப் வேனும்தான். சனி, ஞாயிறு வந்தால் கதை வேறு. வளைவில் ஓட்டிப் பார்க்கவே கோவையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஸ்போர்ட்ஸ் கார்கள் ஏறி வரும். அலாய் வீல் இடுக்கில் சிவப்பாகவோ மஞ்சளாகவோ ஒரு கட்டி தெரியும். அதுதான் கேலிப்பர். பிரேக்கை மிதித்ததும், சுழலும் டிஸ்க்கை இரண்டு பக்கமும் பேடால் கவ்விப் பிடிப்பது அதன் வேலை. சாதாரணக் கார்களில் பெரும்பாலும் வார்ப்பிரும்பு. பழுப்பாகத் துருவேறிக் கிடக்கும், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஸ்போர்ட்ஸ் காரில் அது பெரும்பாலும் அலுமினியம். நாலு, ஆறு என்று பிஸ்டன்கள், மேலே பெயிண்ட் அல்லது அனோடைஸ் பூச்சு. 1961இல் இத்தாலியில் தொடங்கிய பிரெம்போவின் பெயர் அதில் பளிச்சென்று தெரிந்தால் முதலாளிக்கு ஒரு தனி நடை. போர்ஷ காரில் மஞ்சள் கேலிப்பர் என்றால் பெரும்பாலும் உள்ளே இருப்பது செராமிக் டிஸ்க். விலை கேட்டால் தலை சுற்றும். (ஆட்டோ கடையில் விற்கிற சிவப்பு பிளாஸ்டிக் மூடியைச் சாதாரணக் கேலிப்பர் மேல் மாட்டிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. சூட்டை அடைத்து வைக்கிற அந்த மூடியைக் கழற்றிவிட்டு மலை இறங்குங்கள் என்பது மட்டும் என் வேண்டுகோள்.)

கேலிப்பரில் அப்பியிருக்கும் அழுக்கு ரோட்டுப் புழுதி அல்ல. பேட் உரசும்போது டிஸ்க்கின் இரும்பும் பேடின் பொருளும் சேர்ந்து தூளாக உதிர்கின்றன. சூடாகவே தெறிக்கிற அந்தத் தூள் பெயிண்டில் பதிந்து, ஈரம் பட்டதும் அங்கேயே துருப்பிடிக்கிறது. சோப்புத் தண்ணீரில் போகாத பழுப்புப் புள்ளிகள் அதனால்தான். ஆசாமிகள் பொறுமை இழந்து ஆசிட் தேடுவதும் அந்த இடத்தில்தான்.

ஒரு தம்பி லேபிள் இல்லாத வெள்ளைக் கேனோடு வந்தார். "அண்ணே, இதை அடிச்சீங்கன்னா ஒரே நிமிஷத்துல வெள்ளையாயிரும்" என்றார்.

"அழுக்கு போயி வெள்ளையாகறதில்லீங்க தம்பி, அலுமினியம் அரிச்சுத்தான் வெள்ளையாகுது" என்றேன். நம்பவில்லை. கேனின் மூடியிலிருந்து ஒரு சொட்டை எடுத்து, ஷெட்டில் கிடந்த பழைய அலுமினியத் துண்டில் விட்டேன். புஸ்ஸென்று நுரைத்தது. துடைத்தபோது அந்த இடம் மட்டும் சுண்ணாம்பு பூசின மாதிரி மங்கிக் கிடந்தது. கேன் அப்படியே டிக்கிக்குள் போய்விட்டது.

அலுமினியத்தைக் காப்பாற்றுவது அதன் மேலிருக்கும் மெல்லிய ஆக்சைடு படலம். பிஎச் அளவு ஏறத்தாழ 4இலிருந்து 8.5 வரை இருந்தால் அது தாக்குப்பிடிக்கும். அதற்குக் கீழே அமிலமும் மேலே காரமும் அதைத் தின்றுவிடும். கழிவறை கழுவும் திரவம் ஆகாது, காஸ்டிக் சோடா கலந்த டிகிரீசரும் ஆகாது. பித்தளை விளக்குக்குப் போடுகிற புளியையும் எலுமிச்சையையும் இங்கே கொண்டுவராதீர்கள். சில அலாய் வீல் கிளீனர்களில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலமோ அம்மோனியம் பைஃபுளோரைடோ இருக்கும். அது காரைவிட ஆளுக்குத்தான் ஆபத்து. நீர்த்த நிலையில் கையில் பட்டால் உடனே எரியாது. தோலுக்குள் இறங்கி உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், வலி பிறகுதான் தெரியும். அதிகம் பட்டால் இதயம்வரை பாதிக்கும். பட்டுவிட்டால் தண்ணீரை ஊற்றிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். அங்கே கால்சியம் குளுக்கோனேட் கொடுத்துத்தான் பார்ப்பார்கள். அவசரத்துக்கு மலையிறங்க எவ்வளவு நேரமாகும் என்று தெரிந்தவன் நான். உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத கேன் எதையும் ஷெட்டில் ஏற்றுவதில்லை.

அடுத்த எதிரி நம் ஒர்க்‌ஷாப் பழக்கம். எதை எடுத்தாலும் டீசலில் முக்கு, மண்ணெண்ணெயில் துடை. இன்ஜின் பாகத்துக்கு அது சரி. ஆனால் கேலிப்பரில் பிஸ்டனைச் சுற்றியுள்ள சீலும் தூசி புகாமல் மூடும் உறையும் பெரும்பாலும் ஈபிடிஎம் என்ற ரப்பர். பிரேக் ஆயிலைத் தாங்கும், பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதிவிடும். ஊதின சீல் பிஸ்டனை முழுசாகத் திரும்ப விடாது. பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும். இறக்கத்தில் அந்தச் சூடு பிரேக் ஆயிலுக்கு ஏறும். டாட் 4 ஆயில் புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிப் பழசாகிவிட்டால் 155 டிகிரியிலேயே கொதிக்கலாம். கொதித்துக் குமிழ் விட்டால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும்.

கடையில் 'பிரேக் கிளீனர்' என்றே எழுதிய ஸ்பிரே கிடைக்கிறது. பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது கழற்றிய பாகத்தில் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க மெக்கானிக் பயன்படுத்துவது. அசிட்டோன், ஹெப்டேன் போன்ற கரைப்பான்கள் இருப்பதால் கேலிப்பரின் பெயிண்டையும் கூட்டிக்கொண்டு போகக்கூடும். வெளியே ஸ்பிரே பெயிண்ட் அடித்த கேலிப்பர் என்றால் கேட்கவே வேண்டாம்.

அப்படியானால் எதைத்தான் வாங்குவது? பிஎச் நடுநிலையான கார் ஷாம்பு ஒன்று. பதிந்த புள்ளிகளுக்கு, அமிலம் இல்லாத அயர்ன் ரிமூவர் ஒன்று. இரண்டாவதில் இருப்பது தயோகிளைகோலேட் என்ற உப்பு. இரும்போடு சேர்ந்ததும் நாவல்பழச் சாறு போல ஊதாவாக வழியும். நாற்றம் சகிக்காது. சலூனில் முடியைச் சுருட்டவும் நேராக்கவும் போடும் மருந்திலும் இதே சங்கதிதான். லேபிளில் பெயிண்ட், அனோடைஸ், பவுடர் கோட்டிங் மூன்றுக்கும் ஆகும் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். செராமிக் டிஸ்க் என்றால் காரோடு வந்த புத்தகத்தைப் பார்க்காமல் எதையும் அடிக்காதீர்கள். அயர்ன் ரிமூவரை எந்த ஆசிட்டோடும் கலக்கக் கூடாது, நச்சு வாயு வரும்.

வண்டி வந்ததும் நான் செய்வது ஒன்றுமில்லை, டீ சொல்வதுதான். சூடான டிஸ்க்கில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் அது கோணிக்கொள்ளலாம், மருந்தும் தெளித்த இடத்திலேயே காய்ந்து கறையாகும். புறங்கையை வீல் அருகே கொண்டுபோனால் சூடு தெரியக் கூடாது. பிறகு நிழலில் நிறுத்தி, முதலில் வெறும் தண்ணீர், அடுத்து ஷாம்பு, மெல்லிய பிரஷ். ஏர் பிடித்து ஊதுவது கிடையாது, பேட் தூள் நுரையீரலுக்கு ஆகாது, பழைய பேடில் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கலாம். பிரஷர் கன்னை ரப்பர் உறைக்கு நேராகப் பிடிப்பதும் கிடையாது. புள்ளி மிச்சமிருந்தால் மட்டும் அயர்ன் ரிமூவர். லேபிள் சொன்ன நேரத்துக்குமேல் விடாமல் அலசிவிடுவேன். டயர் பாலிஷ் கேட்டால் துணியில் எடுத்துத் தடவுவேன், ஸ்பிரே கிடையாது. பாலிஷில் இருக்கும் சிலிக்கோன் டிஸ்க்கில் பட்டால் பிரேக் வழுக்கும்.

மருந்தை நான் மிச்சம் பிடிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கழுவிய தண்ணீரோடு போகும் பேட் தூளில் செம்பு இருக்கலாம், அது தண்ணீரில் வாழும் உயிர்களுக்கு விஷம். அமெரிக்காவில் வாஷிங்டன், கலிஃபோர்னியா மாநிலங்கள் 2010இலேயே இதற்குச் சட்டம் போட்டன. கலிஃபோர்னியாவில் 2025 முதல் புதுப் பேடில் செம்பு 0.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இங்கே ஷெட்டுத் தண்ணீர் வடிய ஒரு குழி வெட்டி மணலும் ஜல்லியும் போட்டிருக்கிறேன். அது தூளைப் பிடிக்கும், கரைந்த ரசாயனத்தைப் பிடிக்காது. மலையில் விட்ட தண்ணீர் எங்காவது ஓர் ஓடையில்தான் சேரும். அங்கே மாடும் குடிக்கும், ஆளும் குளிப்பார்கள்.

கழுவி முடித்ததும் ஷெட் வாசலிலேயே வண்டியை உருட்டி நாலைந்து தடவை பிரேக் பிடித்துக் காயவைக்கச் சொல்வேன், நனைந்த டிஸ்க் முதல் மிதியில் சரியாகப் பிடிக்காது. அதற்கு முன்பே டார்ச் அடித்து பேடின் தடிமனையும் பார்த்துவிடுவேன். 3 மில்லிமீட்டருக்குக் குறைவாகத் தெரிந்தால் சாவி கொடுக்கும்போதே சொல்லிவிடுவது: "ரெண்டாம் கியர்லயே இறங்குங்க, நடுவுல நிறுத்தி ஆறவிடுங்க. ஊருக்குப் போனதும் முதல் வேலையா பேட் மாத்துங்க."