மயங்கொலிச் சொற்கள்

முதியவர் ஒருவர்க்கு மக்கள் இருவர் என்க. தம் காலத்திற்குப் பின் அவர்கள் தம்முள் பூசலிடுதல் கூடாதெனக் கருதிய அவர், உயில் எழுத முற்பட்டார். அவர் சொல்லச் சொல்ல, எழுத்தறிந்த ஒருவன் எழுதிக்கொண்டு வந்தான். "என் வீட்டில் அரை இளைய மகனைச் சேரும்" என்றார் முதியவர். எழுதியவனோ, "என் வீட்டில் அறை இளைய மகனைச் சேரும்" என்று எழுதிவிட்டான். ரகரம் இருக்கவேண்டிய இடத்தில் றகரம் அமர்ந்தது. பாதி வீட்டிற்கு உரியவன் ஓர் அறைக்கு உரியவனானான். தந்தையார் கண்மூடிய பின்னர், அவர் கருதியது இதுவென்று சான்று கூறுவார் யார்? இது புனைந்துரைத்த கதையே. ஆயினும், நடவாதது என்று தள்ளத்தக்கதன்று.

அரை, அறை என்பன போல ஒலியால் நெருங்கிப் பொருளால் வேறுபட்டு நிற்கும் சொற்களை மயங்கொலிச் சொற்கள் என்பர். ல, ள, ழ என்னும் மூன்றும், ர, ற என்னும் இரண்டும், ந, ன, ண என்னும் மூன்றும் ஆகிய எட்டெழுத்துகளே இம்மயக்கத்திற்கு இடமாவன. இவை ஒத்த ஒலியுடையன அல்ல. தொல்காப்பியர் எழுத்ததிகாரத்துப் பிறப்பியலில், இவை பிறக்கும் இடத்தையும் முயற்சியையும் பகுத்துக் கூறியுள்ளார். நாவின் விளிம்பு தடித்து மேற்பல்லின் அடியைப் பொருந்த, அண்ணத்தை ஒற்றினால் லகரமும், வருடினால் ளகரமும் பிறக்கும். நாநுனி மேல்நோக்கி வளைந்து அண்ணத்தை வருடினால் ரகரமும் ழகரமும் தோன்றும். ஒற்றினால் றகரமும் னகரமும் தோன்றும். ஒற்றுதலாவது நன்கு பொருந்துதல். வருடுதலாவது மெல்லத் தடவிச் செல்லுதல்.

இத்துணை நுட்பமான வேறுபாடு நாளடைவில் நாவில் தேய்ந்தது. வாழைப்பழம் தென் மாவட்டத்தார் பலர் பேச்சில் 'வாளப்பளம்' ஆகின்றது. வட மாவட்டத்தார் சிலர் பேச்சில் 'வாயப்பயம்' ஆகின்றது. ரகர றகர வேறுபாட்டைக் குமரி மாவட்டத்தார் நாவில் இன்றும் கேட்கலாம். பிற மாவட்டங்களிலோ அது பெரும்பாலும் ஏட்டளவில் நிற்கின்றது. செவி உதவாதவிடத்துப் பொருளறிவே உதவுதல் வேண்டும்.

இம்மயக்கத்தால் நேரும் பிழைகள் அனைத்தும் ஒரு தன்மையன அல்ல. 'நாய் குறைத்தது' என்று ஒருவன் எழுதினால் படிப்பவர் நகைப்பர். எனினும் 'குரைத்தது' என்பதே கருத்தென உடனே உணர்வர். 'அன்னை தவளையில் நீர் நிரப்பினாள்' என்றாலும் அவ்வாறே. தவலை என்னும் கலமன்றித் தவளை என்னும் உயிர் நீர் நிரப்பும் ஏனமாகாது. பக்கத்தில் நிற்கும் சொற்கள் பிழையைக் காட்டிக்கொடுத்து விடுகின்றன.

ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பித்த பெரியோர்க்கும் இப்பக்கச் சொற்களே பெருந்துணையாயின. சுவடிகளில் மெய்யெழுத்துகளுக்குப் பெரும்பாலும் புள்ளி இருப்பதில்லை. ரகரமும் துணைக்காலும் ஒரே வடிவில் இருக்கும். 1887 ஆம் ஆண்டில் சீவகசிந்தாமணியை அச்சேற்றிய உ. வே. சாமிநாதையர் போன்றோர், சுவடிகள் பலவற்றை ஒப்புநோக்கியும் முன்னும் பின்னும் நின்ற சொற்களின் பொருளை ஆராய்ந்தும், ஐயத்திற்கு இடமான சொல்லை இன்னதெனத் துணிந்தனர்.

அஞ்சத்தக்க பிழைகள் வேறு வகையின. இரு சொற்களுள் எதனை இட்டாலும் வாக்கியம் செம்மையாக நிற்குமாயின், அங்கே பிழை பிழையாகத் தோன்றாது. பொய் மெய்போல் நின்றுவிடும். 'அச்செல்வர் தம் பொருள் முழுவதையும் அளித்தார்' என்பது வள்ளலைக் குறிக்கும். 'அழித்தார்' என்றால் ஊதாரியைக் குறிக்கும். 'மன்னன் பகைவனை ஒழித்தான்' என்பது வெற்றி. 'ஒளித்தான்' என்பது பகைவனுக்கு அடைக்கலம்! பள்ளியில் சேரும் மாணவன் ஒருவன் தந்தையின் தொழில் 'உழவு' என்று எழுதவேண்டிய இடத்தில் 'உளவு' என்று எழுதினால், ஏர்பிடிக்கும் அவர் ஒற்றராகிவிடுவார். முதியவரின் உயிலில் நேர்ந்ததும் இவ்வகைப் பிழையே.

இவற்றைத் தெளிதற்கு வழிகள் சில உள. அவற்றுள் ஒன்று, சொல்லின் பிறப்பை நோக்குதல். உழு என்பதன்வழி வந்தது உழவு. உள் என்பதன்வழி வந்தது உளவு. இரங்குதலின் இரக்கம் தோன்றியது. இறங்குதலின் இறக்கம் தோன்றியது. ஆதலின் ஒருவர் மறைவிற்கு வருந்தக் கூடுவது இரங்கற் கூட்டமேயன்றி 'இறங்கற் கூட்டம்' ஆகாது. 'நினைவுகூர்ந்தார்' என்பதிலும் பலர் இடறுவர். கூர்தல் என்பது மிகுதல். கூறுதல் என்பது சொல்லுதல். வாய் திறவாமலே ஒருவரை நினைவுகூரலாம் அன்றோ?

மற்றொன்று, வினைச்சொல்லை இறந்த காலத்தில் வைத்துப் பார்த்தல். 'பழைய தாள்களை எரி', 'பழைய தாள்களை எறி' என்னும் ஏவல்கள் ஒலியால் மயங்கும். எறிந்த தாளை மீண்டும் எடுக்கலாம். எரித்த தாளை எடுத்தல் இயலாது. 'எரித்தான்', 'எறிந்தான்' என்று மாற்றியவுடன் வேறுபாடு விளங்கிவிடும். ஆனால் அளித்தான், அழித்தான் என்பவற்றிற்கு இவ்வழி பயன்படாது. அவற்றை மனத்தில் இருத்துவதன்றி வேறு வழியில்லை.

னகர ணகரங்களின் தொல்லை அத்துணைப் பெரிதன்று. ஒரு சொல்லினுள் டகரத்தோடு ணகரமும், றகரத்தோடு னகரமும், தகரத்தோடு நகரமும் இணைந்து வரும் என்பதை வண்டு, கன்று, பந்து என்னும் சொற்களைக் கொண்டு நினைவில் வைத்தல் எளிது.

நிறத்தைக் குறிக்குமிடத்துக் 'கருப்பு' என எழுதும் வழக்கம் பெருகியுள்ளது. கருமை என்பது ரகரம் பெறுதலின் இதுவும் அவ்வாறே எனக் கருதுகின்றனர் போலும். தொல்காப்பியர் நிறத்திற்கும் வெகுளிக்கும் உரியதாகக் காட்டும் சொல் கறுப்பு. கருப்பு என்பதோ பஞ்சத்தைக் குறிக்கும் பழஞ்சொல். ஆதலின் நிறத்தைக் கறுப்பு என்றே எழுதுதல் நன்று.

எழுதுவோன் தன் ஐயத்தை உணர்ந்தவிடத்து, மயங்கும் சொல்லுக்கு அருகே அதன் பொருளைக் காக்கும் துணைச்சொல் ஒன்றை நிறுத்தலாம். முதியவரின் உயிலை எழுதியவன் 'வீட்டில் அரைப்பங்கு' என்று எழுத எண்ணி, எழுத்து மயங்கி 'அறைப்பங்கு' என்று எழுதியிருப்பினும், அருகில் நின்ற பங்கு என்னும் சொல் இளைய மகனுக்குப் பாதி வீட்டை மீட்டுத் தந்திருக்கும்.