இருபத்தைந்தில் ஒரு பங்கு வண்டி

உள்ளங்கையில் அடங்கும் ஒரு சரக்கு வேன். தாழ்ந்த கூரை, பின்பக்கம் பருத்த சக்கரங்கள், மூடியே இல்லாமல் பளபளக்கும் எஞ்சின். இதற்கு ‘ஹாட் ராட்’ என்று பெயர். இத்தகைய மாதிரி வண்டி ஒன்றைச் செய்ய இறங்குபவர், தம்மை அறியாமலே இயற்பியல் தேர்வு ஒன்றை எழுதுகிறார். எப்படி என்று பார்ப்போமா?

முதலில் உண்மையான ஹாட் ராடைத் தெரிந்துகொள்வோம். 1932ஆம் ஆண்டில் ஃபோர்டு நிறுவனம் எட்டு உருளைகள் கொண்ட ‘வி-8’ எஞ்சினைக் குறைந்த விலைக் காரில் பொருத்தி விற்றது. அதன் திறன் 65 குதிரைத்திறன். அதே காலத்தில் அமெரிக்காவின் தெற்குக் கலிபோர்னியாவில், மூரக் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில், இளைஞர்கள் பழைய கார்களை மாற்றியமைத்து வேகப் போட்டி நடத்தினார்கள். காரில் தேவையற்ற பாகங்களைக் கழற்றி எறிந்தார்கள். கூரையை அறுத்துத் தாழ்த்தினார்கள். வலிமையான எஞ்சினை மாட்டினார்கள். 1937இல் இதற்கென ஒரு நேரக்கணிப்புச் சங்கமே தோன்றிவிட்டது. ரொட்டியும் துணியும் சுமந்து கடை கடையாகச் சென்ற சிறிய வினியோக வேன்களும் பின்னாளில் இந்த மாற்றத்துக்கு உள்ளாயின.

1958 முதல் அமெரிக்காவின் ஏ.எம்.டி. நிறுவனம், ஒரே வண்டியை மூன்று விதமாகப் பூட்டக்கூடிய பிளாஸ்டிக் மாதிரிப் பெட்டிகளை வெளியிட்டது. அவற்றின் அளவு விகிதம் 1:25. அதாவது உண்மை வண்டியில் 25 செ.மீ. இருப்பது மாதிரியில் 1 செ.மீ. 1932 ஃபோர்டின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே உள்ள தூரம் 269 செ.மீ. மாதிரியில் அது 10.8 செ.மீ.

இதில் என்ன சிரமம், எல்லாவற்றையும் 25ஆல் வகுத்தால் போதுமே என்று நினைக்கிறீர்களா? நீளத்துக்கு அது சரி. பரப்பளவு 25 × 25, அதாவது 625 மடங்கு குறையும். கன அளவோ 25 × 25 × 25, அதாவது 15,625 மடங்கு குறையும். உண்மை வண்டியின் நிறை 1,000 கிலோகிராம் என்று கொள்வோம். அதே பொருள்களால், ஒவ்வொரு பாகத்தையும் விகிதப்படி சுருக்கிச் செய்தால் மாதிரியின் நிறை வெறும் 64 கிராம்தான்!

ஆனால் அப்படிச் சுருக்க முடியாது. காரின் உடலை மூடும் எஃகுத் தகட்டின் தடிமன் ஏறத்தாழ 1 மி.மீ. அதை 25ஆல் வகுத்தால் 0.04 மி.மீ.; நோட்டுப் புத்தகத் தாளின் தடிமனில் ஏறத்தாழ பாதி. அவ்வளவு மெல்லிய பிளாஸ்டிக் தொட்டாலே நசுங்கும். ஆகவே மாதிரியின் சுவரை 1 மி.மீ. தடிமனில் வார்க்கிறார்கள். உண்மை வண்டியின் அளவில் இது 25 மி.மீ. தடித்த கோட்டைச் சுவர்! ஜன்னல் விளிம்பிலும் சக்கர வளைவிலும் இந்தத் தடிமன் கண்ணில் படும். ‘இது பொம்மை’ என்று காட்டிக்கொடுப்பது இதுவே. தேர்ந்த கைகள் அந்த விளிம்புகளை மட்டும் உட்புறமாகச் சீவி மெலிதாக்கும். உள்ளே தடிமன் இருக்கும்; வலிமை குறையாது. வெளியே மெலிவு தெரியும், கண் ஏமாறும்.

இப்போது மிகவும் ஆபத்தான வேலைக்கு வருவோம். கூரையைத் தாழ்த்த வேண்டும். உண்மை அளவில் 10 செ.மீ. தாழ்த்தத் தீர்மானித்தால் மாதிரியில் 4 மி.மீ. ஜன்னல் தூண்கள் ஒவ்வொன்றிலும் 4 மி.மீ. உயரத் துண்டை அறுத்து நீக்கிவிட்டுக் கூரையை மேலே வைத்தால் தீர்ந்தது அல்லவா? இல்லை. பின் தூண்கள் செங்குத்தாக இருக்கின்றன. முன் கண்ணாடித் தூண்களோ பின்னோக்கிச் சாய்ந்தவை. அந்தச் சாய்வு 10 பாகை என்று கொள்வோம். கூரையை நேராக இறக்கினால் முன் தூணின் மேல்பாதி, கீழ்ப்பாதியின் மேல் உட்காராது. 4 × டேன் 10°, அதாவது 0.7 மி.மீ. பின்னே தள்ளி நிற்கும். உண்மை அளவில் இது ஏறத்தாழ 18 மி.மீ. ஆகவே கூரையையும் குறுக்கே இரண்டாக அறுத்து, நடுவே 0.7 மி.மீ. பிளாஸ்டிக் பட்டை வைத்து நீட்ட வேண்டும். நீங்கள் வகுப்பில் படிக்கும் முக்கோணவியல் இங்கே ரம்பத்துக்கு வழி சொல்கிறது.

இன்னொரு பொறியும் உண்டு. ரம்பத்துக்கும் தடிமன் இருக்கிறது! 0.3 மி.மீ. தடிமனுள்ள ரம்பத்தைக் கோட்டின் நடுவில் வைத்து மேலும் கீழும் அறுத்தால், 4 மி.மீ. அல்ல, 4.3 மி.மீ. போய்விடும். அறுத்ததை மீண்டும் வளர்க்க முடியாது. ஆகவே இரண்டு கோடுகளுக்கும் உட்பக்கமாக அறுத்து, மீதியை அரத்தால் ராவி எடுப்பதே பாதுகாப்பு.

அறுத்த பாகங்கள் ஒட்டுவது எப்படி? இந்த வண்டிகளின் பிளாஸ்டிக், பாலிஸ்டைரீன். பொருள்களைப் பொதிய வரும் தெர்மோகோலும் அதே பிளாஸ்டிக்தான். அது நுரையாக்கப்பட்டது. மாதிரி செய்வோர் பயன்படுத்துவது பசை அன்று, கரைப்பான். அது இரு விளிம்புகளையும் சற்றே கரைக்கிறது. பாலிஸ்டைரீனின் நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் இளகி, எல்லையைத் தாண்டி ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. கரைப்பான் ஆவியானதும் இரண்டு துண்டுகளும் ஒரே துண்டாகிவிடும். கரைப்பான் அதிகமானால் மெல்லிய தூண் குழைந்து வளையும். அதன் ஆவி தீப்பற்றும், மூச்சுக்கும் கேடு. ஆகவே சன்னல்களைத் திறந்துவைத்து, நெருப்பில்லாத இடத்தில், பெரியவர் ஒருவர் உடனிருக்கவே இந்த வேலையைச் செய்ய வேண்டும்.

வண்ணம் பூசும்போதும் இதே சுருக்கச் சிக்கல்தான். மாதிரியின் மேல் 0.04 மி.மீ. பூச்சு விழுந்தால், அது உண்மை அளவில் 1 மி.மீ. கதவு விளிம்பின் நுண்ணிய கோடு அதில் மூழ்கிப்போகும். அதனால்தான் வண்ணத்துக்கு முன்பே அந்தக் கோடுகளை ஊசிமுனையால் ஆழப்படுத்திக் கொள்கிறார்கள்.

சுருக்கினாலும் மாறாதது ஏதாவது உண்டா? உண்டு, கோணங்கள்! வண்டி பக்கவாட்டில் கவிழும் கோணத்தைப் பாருங்கள். இரு சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலத்தில் பாதி 70 செ.மீ., ஈர்ப்பு மையத்தின் உயரம் 60 செ.மீ. என்றால், வண்டி கவிழும் சாய்வு ஏறத்தாழ 49 பாகை. வண்டியின் உடலை இறக்கி, ஈர்ப்பு மையத்தை 45 செ.மீ.க்குக் கொண்டுவந்தால் அது 57 பாகையாகிறது. மாதிரியில் இந்த அளவுகள் 28, 24, 18 மி.மீ. ஆனால் விகிதம் மாறவில்லை. எனவே கோணமும் மாறாது. செய்த மாதிரியை ஒரு பலகையில் வைத்து, சறுக்காமல் ஒரு பென்சிலை அணையாக ஒட்டி, பலகையை மெல்லச் சாய்த்துப் பாருங்கள். கணக்கைவிடக் குறைந்த கோணத்திலேயே கவிழ்ந்தால், தடித்த பிளாஸ்டிக் கூரை ஈர்ப்பு மையத்தை உயர்த்திவிட்டது என்று பொருள்.

காலமோ வேறொரு கணக்கைச் சொல்கிறது. உண்மை வண்டி 5 மீட்டர் உயரத்திலிருந்து விழ 1 விநாடி ஆகும். மாதிரிக்கு அந்த உயரம் 20 செ.மீ.; விழும் நேரம் 0.2 விநாடி. நீளம் 25 மடங்கு குறைந்தபோது நேரம் 5 மடங்குதான் குறைந்தது. 5 என்பது 25இன் வர்க்கமூலம். திரைப்படத்தில் மாதிரி வண்டியை உருட்டிவிடும்போது, விநாடிக்கு 24 படங்களுக்குப் பதிலாக 120 படங்கள் எடுத்து மெதுவாக ஓட்டினால் அது பெரிய வண்டிபோலவே விழும். 1872இல் இங்கிலாந்தின் டார்க்கி நகரில் நீர்த்தொட்டி அமைத்துக் கப்பல் மாதிரிகளை இழுத்துச் சோதித்த வில்லியம் ஃப்ரூட் பயன்படுத்தியதும் இந்த வர்க்கமூல விதியைத்தான். சிறிய மாதிரியைக் கொண்டு பெரிய கப்பலின் நடத்தையை அவர் முன்கூட்டியே கணித்தார்.

எனவே மாதிரி செய்வது வெறும் சுருக்கும் வேலை அன்று. எது 25 மடங்கு குறைகிறது, எது 625 மடங்கு, எது 15,625 மடங்கு, எது 5 மடங்கு, எது குறையவே இல்லை என்று அறிந்து அறுப்பதே அதன் கலை.

இப்போது உங்களுக்கு ஒரு கணக்கு. உண்மை வண்டியின் பெட்ரோல் தொட்டி 50 லிட்டர் கொள்ளுமானால், மாதிரியின் தொட்டி எவ்வளவு கொள்ளும்? 2 லிட்டர் என்று சொன்னவர்கள் மேலே உள்ள மூன்றாவது பத்தியைத் தாண்டி இன்னொரு முறை படிக்கவும். விடை 3.2 மில்லிலிட்டர், ஒரு தேக்கரண்டிகூட நிரம்பாது!