கீழே சாய்ந்த பைக்கை தூக்கும்போது இடுப்பு பிடிக்குதா? வண்டிக்கு முதுகைக் காட்டி நில்லுங்க!

திருவள்ளூர் மாவட்டம் பொதட்டூர்பேட்டை நெசவாளர்கள் நிறைந்த ஊர். நூல் பை, துணி மூட்டை என்று டூவீலரின் பின் சீட்டில் ஏதாவது ஒரு பாரம் போய்க்கொண்டே இருக்கும். பாரத்தோடு சைடு ஸ்டாண்டில் நிற்கும் வண்டி, மழையில் மண் இளகினால் அப்படியே சாய்ந்துவிடும். வண்டி சாய்ந்ததில் அடிபடாதவர்கூட, "யாராவது பார்த்துடுவாங்களோ" என்ற கூச்சத்தில் குனிந்து ஒரே மூச்சில் தூக்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொள்கிறார்.

எவ்வளவு எடை?

ஹீரோ ஸ்ப்ளெண்டர் பிளஸ் சுமார் 112 கிலோ. ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 என்றால் 195 கிலோ. ஒருவர் இரண்டு கைகளால் ஒரு பொருளைத் தூக்க, எல்லாம் சாதகமாக இருந்தாலும் 23 கிலோதான் வரம்பு என்கிறது அமெரிக்க அரசின் பணிப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நியோஷ்.

படுத்திருக்கும் வண்டியின் முழு எடையும் நம் கைக்கு வராது. டயரும் ஃபுட்ரெஸ்ட்டும் ஒரு பங்கைத் தாங்கும். ஆனால் தரையிலிருந்து கிளப்பும் அந்த முதல் கட்டம்தான் கஷ்டம். நிமிர நிமிர லேசாகிவிடும். அந்த நேரத்தில் குனிந்து, உடம்பைத் திருப்பிக்கொண்டு இழுத்தால் மொத்த சுமையும் கீழ் முதுகின் டிஸ்க்கில் விழும். தொடைத் தசைக்கு அந்த வேலையைக் கொடுப்பதுதான் சரி.

கை வைக்கும் முன்

முதலில் சாவியை ஆஃப் செய்யுங்கள். பெட்ரோல் வாசனை வந்தால் பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது. பின் சீட்டு மூட்டையை அவிழ்த்துவிடுங்கள். கயிறை அவிழ்க்க சோம்பல்பட்டு மூட்டையோடு தூக்குவதைப் போல வம்பு வேறில்லை.

வண்டி வலது பக்கம் விழுந்திருந்தால் நல்லது. சைடு ஸ்டாண்ட் மேலே தெரியும். அதை இப்போதே விரித்து, கியரையும் போட்டுவிடலாம், வண்டி உருளாது. இடது பக்கம் விழுந்தால் ஸ்டாண்டும் கியரும் அடியில் மாட்டிக்கொள்ளும். அப்போது எதிர்ப்பக்கம் பிடிக்க ஒரு ஆளைக் கூப்பிடுங்கள். இல்லாவிட்டால் தூக்கிய வேகத்தில் வண்டி அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். ஸ்கூட்டருக்கு கியர் இல்லை என்பதால் பிரேக்கைப் பிடித்தபடியே தூக்க வேண்டும்.

தூக்குவது எப்படி?

ஹேண்டில்பாரை தரையைப் பார்த்து முழுசாகத் திருப்புங்கள். கீழே இருக்கும் கைப்பிடி பெட்ரோல் டேங்க் பக்கம் நெருங்கி வரும். வண்டிக்கு முதுகைக் காட்டி, சீட்டின் ஓரத்தில் இடுப்புக்குக் கீழ்ப்பகுதி அழுந்தும்படி முட்டியை மடக்கி உட்காருங்கள். ஒரு கையால் அந்தக் கைப்பிடியையும், இன்னொரு கையால் பின்னால் இருக்கும் கிராப் ரெயில் மாதிரி கெட்டியான கம்பியையும் பிடியுங்கள். இண்டிகேட்டரைப் பிடித்தால் உடைந்து கையோடு வந்துவிடும். தலை நிமிர்ந்து, முதுகு நேராக இருக்கட்டும். காலால் தரையை உந்தி, சின்னச் சின்ன அடியாகப் பின்னோக்கி நகர்ந்தால் வண்டி மேலே ஏறும். கையால் இழுக்க வேண்டாம்.

சேறு, ஜல்லி, மணலில் கால் வழுக்கும். அங்கே இந்த முறை சரிப்படாது, ரெண்டு பேர் வேணும்.

சைலன்சர் பட்டு தோல் சுட்டுவிட்டால் 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்டுங்கள். டூத்பேஸ்ட் தடவாதீர்கள்.

நிமிர்த்திய பிறகு

உடனே கிளம்ப வேண்டாம். ஆக்சிலேட்டர் முறுக்கிவிட்டால் தானாகத் திரும்புகிறதா, பிரேக் லிவர் வளைந்திருக்கிறதா, ஆயில் ஒழுகுகிறதா என்று பாருங்கள். பல பிஎஸ்-6 வண்டிகளில் சாய்ந்தால் இன்ஜினை நிறுத்தும் சென்சார் உண்டு. சாவியை ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்தால்தான் ஸ்டார்ட் ஆகும். ரிப்பேர் என்று பயந்துவிடாதீர்கள்.

இந்தப் பகுதியில் அடிபட்டதும் எல்லை தாண்டி புத்தூர் கட்டுக்குப் போவது பலருக்கும் பழக்கம். முதுகு வலிக்கு அந்த யோசனை வேண்டாம். வலி காலுக்கு இறங்கினாலோ, கால் மரத்துப்போனாலோ மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். தொடை இடுக்கில் உணர்வு குறைந்தாலோ, சிறுநீர் போக முடியாவிட்டாலோ அது நரம்பு நசுங்குவதன் அறிகுறியாக இருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழைத்து அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.