ஜெர்சியை மாற்றிப் பார்த்தால்...

என் நண்பனும் நானும் தொடக்கநிலை மூன்றிலிருந்து ஒன்றாகப் படித்தவர்கள். அவன் மான்செஸ்டர் யுனைடெட் ரசிகன். நான் லிவர்பூல் ரசிகன். எங்களுக்குள் கேலியும் கிண்டலும் எப்போதும் உண்டு. ஆனால் 2023ல், எங்கள் இருவரையும் யாரென்றே அறியாத ஒரு நடுவருக்காக மூன்று வாரம் பேசாமல் இருந்தோம்.

அந்த ஆண்டு செப்டம்பர் 30ஆம் தேதி லண்டனில் ஸ்பர்சும் லிவர்பூலும் மோதின. ஆட்டம் தொடங்கியபோது நமக்கு நள்ளிரவு 12.30 மணி. புளோக்குக்குக் கீழே உள்ள காப்பிக்கடையில் ஆளுக்கொரு தே தாரிக்குடன் உட்கார்ந்திருந்தோம். லிவர்பூலின் கர்ட்டிஸ் ஜோன்ஸ் 26வது நிமிடத்திலேயே சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். 34வது நிமிடத்தில் லூயிஸ் டியாஸ் பந்தை வலைக்குள் அடித்தார். உதவி நடுவர் ஆஃப்சைடு கொடியைத் தூக்கினார். மறுஒளிபரப்பில் பார்த்தால் ஆஃப்சைடு இல்லை. ‘விஏஆர்’ எனும் காணொளி நடுவர் முறை இருந்தும் கோல் கிடைக்கவில்லை.

நான் கத்தினேன். நண்பன் சிரித்தான்.

“கொடி தூக்கியாச்சுடா. நடுவர் முடிவுதான் கடைசி முடிவு. விடு,” என்றான்.

96வது நிமிடத்தில் ஜோயல் மாட்டிப் போட்ட சொந்த கோலால் 2-1 எனத் தோற்றோம். அவன் மறுபடியும் சிரித்தான். நான் சொல்லக்கூடாத ஒன்றைச் சொன்னேன். அவன் எழுந்து போய்விட்டான்.

நடந்தது தவறுதான் என்று நடுவர் அமைப்பே அன்று ஒப்புக்கொண்டது. சில நாள்களில் நடுவர்களின் உரையாடல் பதிவும் வெளிவந்தது. திடலில் கோல் வழங்கப்பட்டுவிட்டதாக நினைத்த காணொளி நடுவர், சோதனை முடிந்தது என்று அறிவித்திருக்கிறார். கோல் மறுக்கப்பட்டது அவருக்குத் தெரியவந்தபோது ஆட்டம் மீண்டும் தொடங்கிவிட்டது. அதன்பின் அந்த முடிவை மாற்ற விதியில் இடமில்லை. அந்தச் செய்தியை நண்பனுக்கு அனுப்பினேன். கூடவே ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. அவன் பார்த்தான், பதில் போடவில்லை.

அக்டோபர் 21ஆம் தேதி லிவர்பூலும் எவர்ட்டனும் மோதின. எவர்ட்டனின் ஆஷ்லி யங் இரண்டாவது மஞ்சள் அட்டை வாங்கி முற்பாதியிலேயே வெளியேறினார். பிற்பாதியில், கோல் ஏதும் விழாத நேரத்தில், ஏற்கெனவே மஞ்சள் அட்டை பெற்றிருந்த எங்கள் இப்ராஹிமா கொனாட்டே, எவர்ட்டனின் பெட்டோவை முறைகேடாகத் தடுத்தார். நடுவர் அட்டையை எடுக்கவில்லை. ஆட்டத்தை 2-0 என வென்றோம்.

நண்பர்கள் குழுவில் எல்லாரும் கொனாட்டேயைப் பற்றியே கேட்டார்கள். “நடுவர் பக்கத்துலதான் நின்னாரு. அவருக்குத் தெரியாதா? அவர் முடிவுதான் கடைசி முடிவு,” என்று பதில் போட்டேன்.

மூன்று வாரத்துக்குப் பிறகு அவனிடமிருந்து முதல் வரி வந்தது: “இதத்தான்டா அன்னைக்கு நானும் சொன்னேன்.”

என்னால் பதில் எழுத முடியவில்லை.

பின்னர், பலதுறைத் தொழிற்கல்லூரியில் உளவியல் பாடத்தில் ஓர் ஆய்வைப் படித்தேன். 1951ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன், டார்ட்மத் பல்கலைக்கழக அணிகள் அமெரிக்கக் காற்பந்தில் மோதின. ஆட்டம் முரட்டுத்தனமாக இருந்தது. இரு பக்கமும் எலும்பு முறிந்தது. ஹேஸ்டார்ஃப், கான்ட்ரில் என்ற இரு ஆய்வாளர்கள் அந்த ஆட்டத்தின் படத்தை இரு பல்கலைக்கழக மாணவர்களுக்கும் போட்டுக்காட்டி, விதிமீறல்களை எண்ணச் சொன்னார்கள். டார்ட்மத் வீரர்கள் செய்த தவறுகளை, டார்ட்மத் மாணவர்கள் எண்ணியதைவிட இரண்டு மடங்குக்கும் மேலாக பிரின்ஸ்டன் மாணவர்கள் எண்ணினார்கள். 1954ல் வெளியான அந்த ஆய்வு சொல்வது இதுதான்: அவர்கள் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே அப்படித்தான் அவர்களுக்குத் தெரிந்தது.

நண்பனும் நானும் பொய் சொல்லவில்லை. ஒரே மேசையில் உட்கார்ந்து இரண்டு ஆட்டங்களைப் பார்த்திருக்கிறோம்.

தொழில்நுட்பம் இதைச் சரிசெய்துவிடும் என்று நானும் நம்பினேன். 2025 ஏப்ரலிலிருந்து பிரிமியர் லீக்கில் ஆஃப்சைடு கோட்டைப் போடுவதில் தானியங்கி முறை உதவுகிறது. ஆனால், ஒரு தடுப்பாட்டம் முறைகேடா இல்லையா, அதற்கு அட்டை காட்டலாமா என்பதையெல்லாம் இன்னமும் மனிதர்தான் தீர்மானிக்கிறார். அதைப் பார்த்துக் கொதிப்பவர்களும் மனிதர்களே. 2023ல் யூரோப்பா லீக் இறுதியாட்டத்துக்கு மறுநாள், நடுவர் ஆண்டனி டெய்லரையும் அவர் குடும்பத்தாரையும் புடாபெஸ்ட் விமான நிலையத்தில் ரோமா ரசிகர்கள் சூழ்ந்து கத்தினார்கள். அந்தக் காணொளியைப் பார்த்தபோது எனக்கு என் காப்பிக்கடைக் குரல்தான் நினைவுக்கு வந்தது.

நண்பனை அதே காப்பிக்கடைக்கு அழைத்தேன். “கொனாட்டேக்கு அட்டை குடுத்திருக்கணும்,” என்றேன். “டியாஸ் போட்டது கோல்தான்,” என்றான். இரண்டையும் சொல்லி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதற்கு மூன்று வாரத்தைச் செலவழித்திருந்தோம்.

இப்போது எங்களுக்குள் ஒரு விதி உண்டு. நடுவரைத் திட்டுவதற்கு முன் ஜெர்சியை மனத்துக்குள் மாற்றிப் பார்க்க வேண்டும்: இதையே எதிரணி வீரர் செய்திருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? பாதி நேரம் நான் வாயை மூடிக்கொள்ள வேண்டியிருக்கிறது. மீதி நேரம் சண்டைதான். ஆனால், ஆட்டம் முடிந்ததும் ஒன்றாகவே வீட்டுக்கு நடக்கிறோம்.