நாளைக்கும் ஒரு சேரி உண்டா?



அறிவியல் புனைகதை என்றதும் விண்கலமும் ரோபோவும் நினைவுக்கு வரும். அதைப் பண்பாட்டு வரலாறாகப் படித்தால் வேறொரு கேள்வி எழும்: எதிர்காலத்தைக் கற்பனை செய்யும் உரிமை யாரிடம் இருந்தது?

1818இல் வெளிவந்த மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவலையே தொடக்கமாகப் பலர் சொல்வர். நம் நாட்டுத் தொடக்கங்களில் ஒன்று சென்னையில் இருக்கிறது. 1905இல் 'இந்தியன் லேடீஸ் மேகசின்' இதழில் வங்கத்துப் பேகம் ரொக்கையா ஆங்கிலத்தில் எழுதிய 'சுல்தானாவின் கனவு' வெளியானது. அக்கதையில் ஆண்கள் வீட்டுக்குள் அடைபட்டிருக்க, பெண்கள் நாட்டை ஆள்கிறார்கள். மேகத்திலிருந்து நீர் எடுக்கிறார்கள். சூரிய வெப்பத்தைச் சேமிக்கிறார்கள். அடைத்து வைக்கப்பட்டவள் கையில் அறிவியல் விடுதலைக் கருவியானது.

1920இல் கறுப்பின அறிஞர் டு போய்ஸ் 'வால்மீன்' கதையை எழுதினார. நியூயார்க்கே மாண்டுபோக, ஒரு கறுப்பின ஆணும் வெள்ளைப் பெண்ணும் பிழைக்கிறார்கள். சிறிது நேரம் நிறம் மறைகிறது. வேறு மனிதர்கள் வந்ததும் திரும்பிவிடுகிறது. கடற்கரை மக்களான நமக்கு இது புதிதல்ல. 2004 சுனாமிக்குப் பின் நாகப்பட்டினம் பகுதியில் நிவாரணத்திலும் தலித்துகள் ஒதுக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்துள்ளன. பேரலை ஊரையும் சேரியையும் ஒன்றாக அடித்தது. முகாம் மீண்டும் பிரித்தது.

தமிழில் 1940களில் பெரியார் 'இனி வரும் உலகம்' என்று பேசினார். கையடக்கத் தொலைபேசியையும் சோதனைக்குழாய்க் குழந்தையையும் அவர் முன்கூட்டிச் சொன்னதையே நாம் வியக்கிறோம். இழிவான வேலை என்று ஒன்று இராது என அவர் எதிர்பார்த்ததை அவ்வளவாகப் பேசுவதில்லை. 1980களில் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' ரோபோ நாய் ஜீனோவை வீடுதோறும் கொண்டுபோனது, சர்வாதிகாரத்தையும் காட்டியது. சாதி என்ன ஆகும் என்ற கேள்வி நமக்கே மிச்சமிருக்கிறது.

ரொக்கையா கனவில் கண்ட சூரிய ஆற்றல் 2016இல் நம் கமுதிக்கே வந்துவிட்டது: 648 மெகாவாட் மின்நிலையம். மலக்குழிக்குள் மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அடைப்பெடுக்க இயந்திரமும் உண்டு. ஆனாலும் சாவுகள் நிற்கவில்லை. இயந்திரம் தானாகச் சாதியை ஒழிக்காது. யார் கையில், யாருக்காக என்பதே தீர்மானிக்கும்.

நம் இலக்கியம் பட்ட வலியை எழுதியது. அது தொடர வேண்டும். கூடவே, நூறாண்டு கழித்து இந்தக் கரையில் யார் வாழ்வார், யார் கிணற்றில் யார் நீர் எடுப்பார் என்பதையும் நாமே எழுத வேண்டும். நாம் எழுதாத எதிர்காலத்திலும் நமக்கொரு சேரியை ஒதுக்கி வைப்பார்கள்.