தினமும் தலைவலி மாத்திரையா? அந்த மாத்திரையே தலைவலி தரும்!

சென்னை:
சாயங்காலம் 6 மணி. கடற்கரை ஸ்டேஷனில் தாம்பரம் ரெயில் புறப்படத் தயாராக நிற்கிறது.

ஜன்னல் ஓரத்தில் ஒருவர் கைக்குட்டையால் நெற்றியை இறுக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது. யாராவது பேசினால் மண்டையில் சம்மட்டி அடி. வயிற்றைப் புரட்டுகிறது.

பாரிமுனையில் கணக்கு எழுதும் குமாஸ்தா அவர்.

"நாலு வருஷமா இந்தப் பாடு சார். முதல்ல மாசத்துக்கு ரெண்டு தடவை வந்துது. இப்ப தினமும் வருது. மாத்திரை போட்டுக்கிட்டுத்தான் வண்டியே ஏறுறேன்" என்றார்.

மாதம் இரண்டு தடவை வந்த வலி தினமும் வருவானேன்? அவர் பையில் இருந்த மாத்திரை அட்டையில்தான் விடை இருக்கிறது!

ஒற்றைத் தலைவலி

இதற்கு 'மைக்ரேன்' என்று பெயர். பெரும்பாலும் தலையில் ஒரு பக்கம் விண் விண்ணென்று தெறிக்கும். சும்மா விட்டால் 4 மணி நேரம் முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கும். சிலருக்கு வலிக்கு முன்னால் கண்ணெதிரே கோணல் மாணலாக ஒளிக்கோடுகள் தெரியும்.

இது பித்தமும் அல்ல. வேலைக்கு டிமிக்கி கொடுக்கும் தந்திரமும் அல்ல. மூளை, நரம்பு சம்பந்தப்பட்ட நோய். பரம்பரையாக வருவது உண்டு. ஆண்களைவிடப் பெண்களைத்தான் அதிகம் பிடிக்கிறது.

கந்து வட்டி

பாரசிட்டமால் போன்ற சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் விழுங்கி வந்தால், அதுவே தலைவலியை உண்டாக்கிவிடும். பல மருந்து கலந்த மாத்திரை என்றால் 10 நாளே போதும்!

மருந்தின் வேகம் குறைந்ததும் வலி. வலி வந்ததும் மறுபடி மருந்து. கந்து வட்டிக் கடன் மாதிரிதான்!

வாரத்தில் 2 நாளுக்கு மேல் மாத்திரை தேவைப்பட்டால் டாக்டரைப் பார்த்துவிட வேண்டும். அவர் யோசனைப்படி மாத்திரையை நிறுத்தும்போது முதல் சில நாள் வலி கூடலாம். பயப்பட வேண்டாம். பிறகு படிப்படியாகக் குறையும்.

வலி வராமல் தடுக்கத் தனி மருந்துகள் உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிடுகிறாரே என்று வாங்கி விழுங்கக் கூடாது. அவற்றில் ஒன்றான பிராப்ரனலால், ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது.

நோட்டுப் போடுங்கள்

காலைப் பட்டினி, மத்தியானச் சாப்பாட்டை 4 மணிக்குத் தள்ளுவது, தூக்கம் கெடுவது, வெயில், சென்ட் நெடி, மாதவிலக்கு... இவை வலியைக் கிளப்பிவிடும். தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு இருந்தாலே சிலருக்கு வந்துவிடும்.

எல்லாருக்கும் எல்லாம் ஆகாது என்பதில்லை. ஒரு சின்ன நோட்டில், வலி வந்த நாள், என்ன சாப்பிட்டோம், எத்தனை மணி நேரம் தூங்கினோம், எத்தனை மாத்திரை போட்டோம் என்று எழுதி வாருங்கள். எதிரி யார் என்று தெரிந்துவிடும். டாக்டருக்கும் அது உதவும்.

வலி ஆரம்பித்ததுமே டாக்டர் சொன்ன மருந்தைச் சாப்பிட்டு, இருட்டறையில் சத்தமில்லாமல் படுப்பது நல்லது. முற்றவிட்டால் மருந்து சரியாக வேலை செய்யாது.

உஷார்!

திடீரென்று இடி விழுந்ததுபோல் வலி, காய்ச்சலோடு கழுத்துப் பிடிப்பு, கை கால் விளங்காமல் போவது, வாய் குழறுவது, தலையில் அடிபட்ட பின் வரும் வலி, 50 வயதுக்கு மேல் புதிதாக வரும் வலி — இவை சாதாரணமல்ல. உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

குமாஸ்தாவிடம் இதையெல்லாம் சொன்னோம். விரல் விட்டு எண்ணிப் பார்த்தார்.

"போன மாசம் 25 நாள் போட்டிருக்கேன் சார்!" என்றார் திகைப்போடு.

அவர் தினமும் போகிற வழியில்தான் பார்க் ஸ்டேஷன். இறங்கினால் எதிரே அரசு பொது மருத்துவமனை. நரம்பு நோய்க்குத் தனிப் பிரிவே இருக்கிறது.

"நாளைக் காலையிலே இறங்கிடுறேன்" என்றார். ஊர்க் கணக்கெல்லாம் எழுதியவர், இனி தன் தலைவலிக்கும் கணக்கு எழுதப் போகிறார்.