இலைப்பேன்களின் வகுப்புகளும் அவற்றை அறிய வேண்டிய அவசியமும்

நெல் நாற்றங்காலிலும் மிளகாய்க் கொல்லையிலும் காணப்படும் இலைப்பேன்கள் யாவும் ஒரே ஜாதியெனக் கருதி, ஒரே மருந்தை அடிக்கடி தெளிப்பது குடியானவர்கள் பலரின் வழக்கமாகும். இது பணத்தையும் பயிரையும் ஒருங்கே இழக்கச் செய்யும். உலகில் இவ்வினத்தில் 6,000க்கு மேற்பட்ட ஜாதிகளும், இந்தியாவில் 700க்கு மேற்பட்டவையும் கண்டறியப்பட்டுள்ளன. பயிரை நாசஞ்செய்பவை அவற்றுட் சிலவே.

இப்பூச்சிகளில் பெரும்பாலானவை ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர் நீளமே உள்ளவை. குறுகிய இறகுகளின் ஓரங்களில் நீண்ட மயிர்கள் வரிசையாயிருக்கும். இடது தாடை மாத்திரம் வளர்ச்சியுற்றிருப்பதால், இலைத்தோலைக் குத்திச் சாற்றை உறிஞ்சும். கோயமுத்தூரில் டி. வி. ராமகிருஷ்ண ஐயரும், பின்னர் சென்னையில் டி. என். அனந்தகிருஷ்ணனும் (1925–2015) இவற்றை விரிவாக ஆராய்ந்தனர்.

இவ்வினம் இரு பெரும் வகுப்புகளாகப் பிரிக்கப்படும். முதல் வகுப்பில் பெண்பூச்சிக்கு வாள்போன்ற முட்டையிடும் உறுப்புண்டு. அது இலையைக் கீறி உள்ளே முட்டையிடும். நெல், மிளகாய், வெங்காயம் ஆகியவற்றின் பேன்கள் இவ்வகுப்பினவே. ஆயின், சிலந்திப் பேன்களைத் தின்னும் நன்மை செய்யும் ஜாதிகளும் இதிலுண்டு. இரண்டாம் வகுப்பின் வயிற்று நுனி குழாய்போல் நீண்டிருக்கும். இவற்றுட் பல, உலர்ந்த கிளைகளிலும் சருகிலும் பூஞ்சணத்தைத் தின்று வாழ்வன. மிளகுக் கொடியின் இலை விளிம்பைச் சுருட்டும் பேனும் இவ்வகுப்பினதே.

மிளகாயில் இலை மேல்நோக்கிச் சுருண்டால் பேனையும், கீழ்நோக்கிச் சுருண்டால் மஞ்சள் சிலந்திப் பேனையும் முதலில் சந்தேகிக்க வேண்டும். தென்கிழக்காசியாவைச் சேர்ந்த கருநிறப் பேனொன்று 2021இல் ஆந்திர, தெலுங்கானா மிளகாய்ப் பயிருக்குப் பெருஞ்சேதம் விளைத்தது. அது இலையோடு பூக்களிலும் கூட்டமாய்த் தங்கிப் பூ உதிரச் செய்யும். ஆதலின் இலையை மட்டும் பார்ப்பது போதாது. பூவைப் பிரித்துப் பார்த்தல் அவசியம். கண்டபடி மருந்தடித்தால் நன்மை செய்யும் பூச்சிகள் மடிந்து, பேன்கள் மேலும் பெருகும்.

புதுச்சேரி மேட்டுப்பாளையத்திற்கு மேற்கேயுள்ள ஊசுட்டேரி ஆயக்கட்டு முதலிய நெற்பகுதிகளில், நாற்றின் இலை நுனி சுருண்டு வாடக் கண்டால், உள்ளங்கையை நனைத்து நாற்றின் மேல் 12 முறை தடவிப் பார்க்கவும். ஒட்டிய பேன்கள் 60க்கு எட்டினாலன்றி மருந்து தேவையில்லை. நீர் வசதியுள்ளோர் நாற்றங்காலை விட்டுவிட்டு இரு நாள் மூழ்கவைத்தல் நலம்.

அறியாத பேன் தென்பட்டால், கிராம அதிகாரிகள் சிலவற்றைச் சிறு குப்பியில் ஸ்பிரிட்டிலிட்டு, பயிரின் பெயரும் தேதியும் குறித்து, வேளாண்மை அலுவலகத்திற்கு அனுப்புதல் வேண்டும். எதிரி இன்னதென்று அறிந்த பின்பே மருந்தை எடுத்தல் விவேகமாகும்.